ரயிலிலிருந்து இறங்கியது யார்?

1

போன சனிக்கிழமை கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூரையில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. நான் ஓடவில்லை. தள்ளுவண்டியைப் பிடித்தபடி கடைசிவரை நின்று கேட்டேன். பாட்டு முடிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வெங்காயம் எடுத்த அம்மாள் வண்டியைச் சற்றுத் தள்ளி நகர்த்திக்கொண்டாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். மெல்போர்னுக்கு வந்ததிலிருந்து போன வருஷம் வரைக்கும், இந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் நான். முடி வெட்டும் கடையில் பாதித் தலையோடு, கழுத்தில் கட்டிய துணியோடு, நடைபாதையில் போய் நின்றிருக்கிறேன். பல் மருத்துவர் வாய்க்குள் கருவியை வைத்திருந்த நேரத்தில் எழுந்து போயிருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பாட்டு உயிர். எங்கே திரும்பினாலும் அதுதான். என் மனைவி செல்வி, "சாமான் வாங்க உங்களக் கூட்டிட்டு வாரதுக்கு நான் தனியா வந்துட்டுப் போவேன்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

பாட்டு பிடிக்காமல் ஓடவில்லை. உயிருக்கு உயிராகப் பிடித்ததால் ஓடினேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கோவில்பட்டிக்குப் போக வேண்டும்.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் பாட்டு வேண்டுமென்றால் ரெக்கார்டிங் கடையில் போய்ச் சொல்லிப் பதிந்து வாங்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேல்சாமி அண்ணாச்சியின் கடை. அண்ணாச்சிக்கு ஒரு கொள்கை உண்டு. கேசட்டில் காலி இடம் விடமாட்டார். "சும்மா ஓடுதே, ஏமாத்திட்டீயளா" என்று சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் சண்டைக்கு வருவார்களாம். அதனால் கேட்ட பாட்டெல்லாம் முடிந்து கொஞ்சம் நாடா மிஞ்சினால் அதில் நாதஸ்வரத்தைப் போட்டு நிரப்பிவிடுவார். ஒருமுறை துக்க வீட்டுக்காகப் பதிந்த கேசட்டிலும் வழக்கம்போல நிரப்பிக் கொடுத்துவிட்டார். பாடை கிளம்புகிற நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியதில் அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்தார்.

அந்தக் கடையிலேயே பழியாகக் கிடந்த இரண்டு பேர் நானும் என் வகுப்புத் தோழன் சேவியரும். சேவியர் சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து வந்த கப்பல்காரர் ஒருவர் ஒரு ராக் பாடகரின் கேசட்டை அண்ணாச்சியிடம் பிரதி எடுக்கக் கொடுத்து, மறுநாளே வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அந்த இடைவெளியில் அண்ணாச்சி எங்களுக்கு ஒரு பிரதி போட்டுத் தந்தார். அட்டையில் இருந்தவருக்கு நெஞ்சு வரை தாடி. பெயரை எழுத்துக்கூட்ட அண்ணாச்சிக்குப் பொறுமை இல்லை. எங்கள் கேசட்டின் மேல் 'இங்கிலீசு, தாடி' என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் தாடிதான். உலகமே கொண்டாடும் அவருடைய பெயரைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அது யாரோ வேறு ஆளுடைய பெயர் மாதிரியே இருக்கிறது.

அந்தக் கேசட்டின் கடைசிப் பாட்டுதான் எங்களைப் பைத்தியமாக அடித்தது. அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் பிடித்தோம். ஒருவன் சின்ன ஸ்டேஷன் ஒன்றில் காத்திருக்கிறான். மழை பெய்கிறது. ரயில் வருவதும் போவதுமாக இருக்கிறது. அவன் எதிர்பார்க்கிற ஆள் வரவில்லை. கடைசி ரயில் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. படியில் ஒரு கால் தெரிகிறது. இறங்கியது—

டக்கென்று நாதஸ்வரம்.

"ஏலே, யாருலே இறங்குனா?" என்று சேவியர் டேப் ரிக்கார்டரை உலுக்கினான். சுற்றிச் சுற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் கால் தெரிந்ததும் கெட்டிமேளம்தான். கடைக்கு ஓடினோம். அண்ணாச்சி அசரவில்லை.

"அம்புட்டுதாம்ல பாட்டு."

"எந்தக் கிறுக்கனாவது இப்பிடிப் பாதில நிப்பாட்டுவானா? உங்க நாதசுரத்துக்கு இடம் பத்தாம அறுத்துட்டீய அண்ணாச்சி."

"நான் எதுக்குல அறுக்கேன்? அந்தாளு மொட்டையா விட்டுட்டுப் போயிட்டான். நான் மங்களமா முடிச்சு வச்சேன்."

நாங்கள் நம்பவில்லை. அசல் கேசட் அதற்குள் நடுக்கடலில் இருந்தது. சேவியர் அண்ணாச்சிக்குப் 'பாட்டறுத்தான்' என்று பெயர் வைத்து, அந்தக் கடைப் படியை இனி மிதிப்பதில்லை என்று முடிவு கட்டினான்.

இறங்கியது யார் என்பதில் எங்களுக்குள் தீராத சண்டை. அவன் காதலி என்றான் சேவியர். அவனுக்கு எல்லாப் பாட்டிலும் காதலிதான். நான் அப்பா என்று சாதித்தேன். என் அப்பா பம்பாயில் ஓட்டல் வேலை பார்த்தார். தீபாவளிக்குத் தீபாவளி ஸ்டேஷனில் போய் நிற்பேன். கதவு திறக்கும், யார் யாரோ இறங்குவார்கள். கூட்டமெல்லாம் வடிந்து, இந்த வருஷம் வரவில்லை போல என்று எனக்கு அழுகை முட்டும்போது, கண்ணைக் கசக்கிக்கொண்டு மெதுவாக இறங்குவார். தூங்கியிருப்பார் மனுஷன். அதனால் அந்தப் பாட்டில் இறங்குவது அப்பாவைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்பது என் கட்சி.

3

சேவியர் பிற்பாடு மைக் செட் வைத்தான். பெண் வயசுக்கு வந்த சடங்கு வீடு, காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைப் பனைமர உயரத்துக்குக் கட்டிவிடுவான். ஒரே ஒரு கறார்: போட்ட பாட்டைப் பாதியில் நிறுத்தமாட்டான். குளத்தூர்க் கொடையில் ஒரு கட்சிக்காரர் பேச எழுந்து, பாட்டு முடிகிற வரைக்கும் மேடையில் கும்பிட்ட கையோடு நின்றார். "அறுக்கச் சொல்லாதீய. அறுபட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும்" என்பான். கிறுக்கன் என்று திட்டிக்கொண்டே அவனைத்தான் கூப்பிட்டார்கள். அவன் செட்டில் சத்தம் அவ்வளவு சுத்தம்.

எனக்கு மெல்போர்னில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு அவன்தான் பெட்டி தூக்கி வந்தான்.

"அங்கன தெருவுக்குத் தெரு தாடி பாட்டுதான் ஓடுமாம். நீ பாட்டுக்கு முழுசாக் கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லாத. கேட்டா ரெண்டு பேரும் சேந்துதான் கேக்கணும். சத்தியம் பண்ணுல."

சத்தியத்துக்குக் கற்பூரம் வேண்டும். பிளாட்பாரத்தில் கற்பூரத்துக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் குறைவில்லாமல் கிடைப்பது தீப்பெட்டிதான். சேவியர் ஒரு குச்சியை உரசி, தன் உள்ளங்கைக்கு மேலே பிடித்தான். நான் அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். கை சுட்டுவிட்டது. அதனால்தானோ என்னவோ, என்னால் அதை மீற முடியவில்லை.

4

இங்கே எனக்கு நகராட்சி அலுவலகத்தில் வேலை. குப்பைத் தொட்டிப் புகார் பிரிவு. பச்சை மூடித் தொட்டிக்குள் மஞ்சள் மூடித் தொட்டிக் குப்பையைப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டார் என்று மூன்று பக்கத்துக்கு எழுதுவார்கள். அதற்கு நான் பதில் எழுத வேண்டும். ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதால் வீட்டில் 'சுற்றுச்சூழல்' என்று சொல்லியிருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் அலுவலக ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. எழுந்து ஓடினேன். என் மேலதிகாரி டெபி பின்னாலேயே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு அப்போது இங்கிலீஷ் தத்தித் தத்தித்தான் வரும். "என் நண்பன் சேவியர். அவன் இல்லாமல் இந்தப் பாட்டை என்னால் கேட்க முடியாது" என்றேன். டெபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியது. எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. மறுநாள் மேஜை மேல் வெள்ளைப் பூ போட்ட அட்டை ஒன்று இருந்தது. அலுவலகமே கையெழுத்துப் போட்டிருந்தது. சேவியரின் ஆன்மா சாந்தியடைய வேண்டுமாம்.

அடப்பாவிகளா என்று பதறினேன். ஆனால் அத்தனை பேரும் அவ்வளவு அன்பாக நிற்கும்போது, 'அவன் நன்றாகத்தான் இருக்கிறான், நேற்றுகூட விளாத்திகுளத்தில் சீரியல் பல்பு கட்டினான்' என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். பணியாளர் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, நண்பன் என்றால் துக்க விடுப்புக்கு விதி இடம் தராது, சகோதரன் மாதிரி என்றால் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று தாழ்ந்த குரலில் ஆலோசனை சொன்னார். இதெல்லாம் ஓய்ந்த கொஞ்ச காலத்தில் என்னைத் தேடி அலுவலகத்துக்கு ஒரு போன். எடுத்தது டெபி. முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தாள். "சேவியர் லைனில் இருக்கிறார்" என்றாள்.

சேவியரிடம் கதையைச் சொன்னேன். "பூ வச்சாவளா? நல்ல பூவா?" என்று கேட்டான். அதிலிருந்து போனில், "செத்தவன் பேசுதேன்" என்றுதான் ஆரம்பிப்பான்.

ஒருமுறை ஊருக்குப் போகும்போது தாடியின் குறுந்தகடு ஒன்றைப் பிரிக்காமல் வாங்கிப் போனேன். சேவியரின் மைக் செட் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதும் கேட்டோம். எங்கள் பாட்டு மட்டும் அதில் இல்லை. பாட்டின் பெயர் எனக்கு எப்படித் தெரியும்? யாரிடமாவது கேட்டால், "ஓ, அதுவா" என்று முழுசாகப் பாடிக் காட்டிவிடுவார்கள். சேவியர் தட்டை எடுத்து உறைக்குள் போட்டு மூடினான். பிறகு, "இனிமே தட்டெல்லாம் வேண்டாம்ல. தாடி வாயாலயே கேப்போம்" என்றான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை என் மகள் மீரா. இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூட பஸ்ஸில் அந்தப் பாட்டைப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவார்களாம். தமிழில் பேசச் சொன்னால் முகம் திருப்பிக்கொள்வாள். சாம்பாரை 'அந்த ஆரஞ்சு சூப்' என்பாள். என்னிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வந்துவிடும். "அப்பா, பாத்திரம் நான் கழுவணுமா? அந்த சாங்கோட எண்டிங் சொல்லிடவா?" நான் உடனே பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவேன். இப்படியே வீட்டுப்பாடம், ஐஸ்கிரீம், ஒரு சைக்கிள் வரைக்கும் சாதித்துக்கொண்டாள். செல்வி, "பிள்ள இல்ல இது, வக்கீல்" என்பாள்.

5

போன கோடையில் தாடி மெல்போர்னுக்கு வந்தார். திறந்தவெளியில் கச்சேரி. கடைசிச் சுற்றுப்பயணம் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். இதை விட்டால் இனி கிடையாது. சேவியரிடம் திட்டம் சொன்னேன். இங்கே சாயங்காலம் என்றால் ஊரில் மத்தியானம். அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் நான் மொபைலில் கூப்பிடுவேன். அவன் எங்கிருந்தாலும் எடுக்க வேண்டும்.

"செத்தாலும் எடுப்பேம்ல. ஏற்கெனவே செத்தவந்தான" என்றான்.

துணைக்கு மீரா வந்தாள். அவள் போட்ட நிபந்தனை, அப்பா அழக் கூடாது, வேட்டி கட்டக் கூடாது, யாரிடமும் கோவில்பட்டியைப் பற்றிப் பேசக் கூடாது. வாசலில் பையைச் சோதித்த காவலாளி ஊர்க் கடலை மிட்டாயைக் கையில் எடுத்துப் பார்த்து, இது என்ன செங்கல் என்றார். வெளித் தின்பண்டத்துக்கு அனுமதி இல்லை என்றும் சொன்னார். ஒன்றைக் கடித்துப் பார்க்கச் சொன்னேன். இப்படியாகக் கோவில்பட்டியைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிட்டது. மீரா எனக்குத் தெரியாதவள் மாதிரி பத்தடி முன்னால் நடந்தாள். மிட்டாய் உள்ளே போனது, பாதி அவர் வாய் வழியாக.

மேடையில் ஒரு வழுக்கைத் தலைக் கிழவர் வந்து நின்றார். முகம் மழமழவென்று இருந்தது. யாரோ அறிவிப்பாளர் என்று நினைத்தேன். கூட்டம் கத்திய கத்தலில்தான் புரிந்தது, அவர்தான் தாடி. தாடியைக் காணோம்! எனக்கு ஏதோ வீட்டு ஆள் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி திக்கென்றது. ஆனால் வாயைத் திறந்தார் பாருங்கள், அதே குரல். அழக் கூடாது என்ற முதல் நிபந்தனையும் அங்கேயே காலி. மீரா கைக்குட்டையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில், கிட்டாரில் எங்கள் பாட்டின் மழைச் சத்தம் ஆரம்பித்தது. போனில் சேவியரின் எண்ணை அமுக்கினேன்.

"செத்தவன் பேசுதேன்" என்றான் சேவியர். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஏலே, ஆரம்பிச்சுட்டாரு!"

"சரியான நேரம் பாத்தாம்ல தாடி. நாகலாபுரத்துல சடங்கு வீட்டுல நிக்கேன். தாய்மாமன் சீரோட வேன்ல வந்துட்டாரு. அவர இறக்கி, மேளத்தோட கூட்டிட்டுப் போவணும்."

"அப்ப வைக்கவா?"

"வச்சே, கொன்னுருவேன். தாய்மாமன் யாருன்னு தெரியுமா? பாட்டறுத்தான்! வேல்சாமி அண்ணாச்சி! நம்மள அறுத்த மனுசன் தட்ட மடியில வச்சிக்கிட்டு வேனுக்குள்ள உக்காந்திருக்காரு. போன மைக்குல வைக்கேன். இன்னைக்கு முழுப் பாட்டையும் அவரும் கேக்கட்டும். கேட்டுட்டுத்தான் இறங்கணும்."

"சேவியரு, தாய்மாமனக் காக்க வைக்காதல. சண்டை வந்துரும்."

"வரட்டும். போனத் தூக்கிப் பிடி."

யாரோ அவனை அதட்டுவது கேட்டது. "போட்ட பாட்ட அறுக்கமாட்டேன்" என்று அவன் திருப்பிக் கத்தினான். நான் போனை மேடையை நோக்கி உயர்த்திப் பிடித்தேன். நினைத்துப் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது. மெல்போர்ன் மேடையில் பாடும் தாடியின் குரல் அந்த நிமிஷம் குழாய் ஸ்பீக்கரில், பருத்திக் காட்டுக்கு மேலே, நாகலாபுரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

கூட்டமே சேர்ந்து பாடியது. மீராவும் பாடினாள். மழை பெய்தது. ரயில்கள் வந்தன, போயின. கடைசி ரயில் வந்து நின்றது. போனை இன்னும் எக்கிப் பிடித்தேன். கதவு திறந்தது. படியில் ஒரு கால் தெரிந்தது. இறங்கியது—

விளக்கெல்லாம் அணைந்தன.

பாடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. கரண்டு போய்விட்டது என்றே நினைத்தேன், எங்கள் ஊர்ப் புத்தி. மறுபடி வரும், மிச்சத்தைப் பாடுவார் என்று இருட்டில் நின்றேன். யாரும் அசையவில்லை. மீரா எட்டி என் காதில் சொன்னாள்.

"அவ்ளோதான்பா. அதுக்கு மேல இல்ல. லைட் வர்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது, அதான் இங்க ரூல்."

"என்னது? உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப சைக்கிள் எதுக்கு வாங்குன?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு நீங்க வந்திருப்பீங்களா?"

கையில் போன் இன்னும் உயரத்தில் இருந்தது. இறக்கி, இருட்டில் தடவி எதையோ அமுக்கினேன். அது போனின் ஸ்பீக்கர் பொத்தான். அந்த நிசப்தத்தின் நடுவில் சேவியரின் குரல் ஊருக்கே கேட்கும்படி வந்தது.

"ஏலே! கட் ஆயிட்டுல! லைனு போச்சா?"

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கப்படக்கூடத் தெம்பு இல்லை.

"லைன் இருக்குல" என்றேன். "பாட்டு அவ்வளவுதான்."

அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் காதலியும் வரவில்லை, என் அப்பாவும் வரவில்லை. அப்போது தூரத்தில், வேன் ஜன்னலிலிருந்து, அந்தப் பழைய குரல் கேட்டது.

"ஏ சேவியரு! அம்புட்டுதாம்ல பாட்டு! அன்னைக்கே சொன்னேம்லா! இப்பவாது நான் இறங்கலாமா?"

சேவியர் பெருமூச்சு விட்டான். "இறங்குங்க அண்ணாச்சி."

பாட்டு ஓய்ந்தது, தாய்மாமன் படியில் கால் வைத்துவிட்டார் என்று தெரிந்ததும், அதற்காகவே காத்திருந்த மேளக்காரர்கள் எடுத்தார்கள் பாருங்கள். நாதஸ்வரமும் கெட்டிமேளமுமாக என் போனிலிருந்து பீறிட்டு வந்தது. அதே இடத்தில், நாங்கள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த அதே நொடியில். நான் சிரித்தேன். அழுதேன். போனை அணைக்கத் தோன்றவே இல்லை. சுற்றியிருந்த அத்தனை பேரின் மரியாதையான மௌனத்துக்கு நடுவில் நாகலாபுரத்து மேளம் விளாசித் தள்ளியது. முன்வரிசை அம்மாள் ஒருத்தி உதட்டில் விரல் வைத்தாள். பிறகு அவளே தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மீரா ஓடி ஒளியவில்லை. என் கையைப் பிடித்துப் போனைத் தன் காதுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, அங்க யாரு இறங்கினது?"

"எங்க ஊரு அண்ணாச்சி" என்றேன்.